கோட்டுக்காரர் வீடு

ஜனவரி 3

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

ஆற்றங்கரைச் சாலையின் கடைசி வீட்டுக்கு உரிமையாளர் என்ற முறையில் தங்களுக்கு இக்கடிதம். புதிய பாலத்தின் இணைப்புச் சாலைக்காக மேற்படி வீடு ஜூன் மாத இறுதியில் இடிக்கப்பட இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். நதி அளவைத் துறையில் பணியாற்றிய தங்கள் காலஞ்சென்ற கணவர், அவ்வீட்டின் கூடத்துச் சுவரில் நாற்பத்தோரு ஆண்டுகளின் வெள்ள மட்டங்களைக் கோடு போட்டுக் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே வீட்டை இடிக்க விடாமல் அப்படியே தூக்கி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் நினைவு இல்லமாக வைக்க முடிவாகியுள்ளது. தங்கள் மகன் சம்மதித்துவிட்டார். பத்திரம் தங்கள் பெயரில் இருப்பதால், இத்துடன் உள்ள தாள்களில் மூன்று இடங்களில் கையொப்பமிட்டு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொறியாளர், பல்கலைக்கழகக் கட்டடப் பிரிவு

*

ஜனவரி 11

மதிப்பிற்குரிய இஞ்சினியர் அம்மாவுக்கு,

"அம்மையார்" என்று இருந்ததால் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள்தான், "அம்மா, இது அண்ணி கையெழுத்து மாதிரி இருக்கே" என்றாள். முன்னாள் அண்ணி என்று திருத்தினேன்.

ஆறு வருஷம் அந்த வீட்டில் மருமகளாக இருந்தாய். பிறகு ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாய். போய் ஆறு வருஷம் கழித்து இப்போது வீட்டையே தூக்க வந்திருக்கிறாய். அன்றைக்குப் பெட்டியில் எதையாவது வைக்க மறந்துவிட்டாயா?

நான் படித்தவள் இல்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். வெள்ளக்கோடு ஆற்றங்கரையில் இருந்தால்தான் வெள்ளக்கோடு. மேட்டில் கொண்டுபோய் வைத்தால் அது வெறும் பெயிண்ட். பார்க்க வரும் பிள்ளைகள், இவ்வளவு உயரத்துக்கு யார் வீட்டுக் குழாய் உடைந்தது என்று கேட்கும்.

இடிக்கிறவர்கள் இடிக்கட்டும். இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் கிடக்கிறேன். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப் போவதில்லை. கையெழுத்துக் கிடையாது.

இப்படிக்கு,
அம்மையார்

*

ஜனவரி 20

அத்தை,

அலுவலகத் தாளில் எழுதினால் உங்களுக்குச் சங்கடமாக இருக்காது என்று நினைத்தேன். தப்புதான். போன் செய்யலாம் என்றால் என் நம்பரைப் பார்த்து எடுக்க மாட்டீர்கள்.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. வீடு தூக்கும் வேலை தெரிந்த பொறியாளர் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான். "உங்க பழைய வீடாமே, நல்லதாப் போச்சு" என்று மேலதிகாரி ஃபைலைக் கையில் வைத்தார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இருந்தும் ஒத்துக்கொண்டேன். காரணம் மாமா. தெருவில் எல்லோரும் அவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் கோட்டு போட்ட ஆளைத் தேடிக்கொண்டு வந்து, பனியனோடு நிற்கும் மாமாவிடமே விலாசம் கேட்பார்கள். அந்த மனிதர் நாற்பத்தோரு வருஷம் செய்த வேலையை ஒரு புல்டோசர் அரை மணி நேரத்தில் முடித்துவிடும் என்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்கு வழி இருக்கிறது. வீட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கோடும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கருவி வைத்து அளந்து, கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவோம். பிறகு வீடு எங்கே போனாலும் அந்த அளவு மாறாது.

கையெழுத்துப் போடுங்கள். எனக்காக வேண்டாம்.

உங்கள் முன்னாள் மருமகள்

*

பிப்ரவரி 6

இஞ்சினியருக்கு,

அவன் நான்கு நாட்களாக வெளிநாட்டிலிருந்து போன் மேல் போன். "அப்பா பேருல ஒரு நினைவு இல்லம்மா! உனக்கு என்ன வந்துது?" என்று கத்துகிறான். எனக்கு என்ன வந்தது என்று அவனிடம் சொல்ல முடியாது. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படுத்தபடி போட்டதால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். திருப்பி அனுப்பிவிடாதே.

ஒரே ஒரு நிபந்தனை. ஹால் சுவரில் கை வைக்கக் கூடாது. சுரண்டுவது, கழுவுவது, பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதுப்பூச்சு பூசுவது எதுவும் வேண்டாம். ஆணி அடிக்காதே. முடிந்தால் அந்தச் சுவரை அங்கேயே விட்டுவிட்டு மற்ற மூன்று சுவரையும் கொண்டுபோ. சிரிக்காதே. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அத்தை

*

மார்ச் 4

அத்தை,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இதை மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறையையும் குளியலறையையும் பிரித்துவிட்டோம். நீங்கள் வெட்டச் சொன்ன கொய்யா மரத்தின் வேர் சமையலறைத் தரைக்கு அடியில் வந்திருந்தது. சுவர்களின் அடியில் துளை போட்டு இரும்பு கர்டர்களை நுழைத்து, நாற்பத்திரண்டு ஜாக்கிகளை வைத்தோம். திங்கள்கிழமை காலை எல்லா ஜாக்கிகளையும் ஒரே சமயத்தில் கால் சுற்று திருகினோம். வீடு ஒரு விரல்கடை மேலே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது ஹாலுக்குள் ஏதோ சரியும் சத்தம்.

நான் கை வைக்கவில்லை. தானாக விழுந்தது. கதவளவுக்குப் பூச்சு பெயர்ந்து தரையில் கிடந்தது. மேஸ்திரி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மேடம், உள்ள இன்னொரு கோடு இருக்கு."

அதே நீலம். அதே கை. ஆற்று மட்டம் காட்டும் அளவுக்கல்லையே அடித்துக்கொண்டு போன பெருவெள்ளத்தின் வருஷம். மேல் பூச்சில், எல்லோரும் பார்த்த கோடு தரையிலிருந்து மூன்றரை அடியில் இருந்தது. உள்ளே இருப்பது ஐந்தடியில்.

சுவருக்கு முன்னால் தார்ப்பாய் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எனக்கும் மேஸ்திரிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

*

மார்ச் 12

பூசிவிடு. நல்ல மேஸ்திரிக்கு ஒரு மணி நேர வேலை. உள்ளே இருந்த கோடு உள்ளேயே இருக்கட்டும். செத்துப்போன மனுஷனைத் தோண்டாதே.

*

மார்ச் 19

அத்தை,

பூசுவதற்குச் சாந்து குழைக்கச் சொன்னேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே. மேஸ்திரி சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மனதில் ஓடியது இதுதான்: விஷயம் வெளியே வந்தால் பல்கலைக்கழகம் கையைக் கழுவிவிடும், வீடு இடிந்துவிடும். கைவிட்ட புருஷனின் குடும்பத்தைப் பழி வாங்கினாள் என்று ஊர் பேசும். பூசிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. சாந்து இறுகிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கொட்டச் சொல்லிவிட்டேன்.

ஏன் என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பாலம் கட்டுகிறவர்களிடமிருந்து கடிதம் வரப்போகிறது என்று தெரிந்து அல்ல. ஆனால் வந்தது. நம் சுவரின் அளவுகளை ஏப்ரல் பத்துக்குள் கேட்கிறார்கள். பாலத்தின் உயரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். பழைய பள்ளிக்கூடத்தை இடித்துவிட்ட பிறகு, பெருவெள்ளத்துக்கு அந்தச் சுவரைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கல்யாணமாகி ஐந்தாம் மாதம், சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் நான் விளையாட்டாகக் கேட்டேன்: "மாமா, பள்ளிக்கூடத்துச் சுவத்துல இருக்கிற வெள்ளக் கறை நம்ம கோட்டைவிட ஒன்றரை அடி மேல இருக்கே, அது எப்படி?" மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை என்னை "அளவுகோல்" என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாமா அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசாமலேயே போய்ச் சேர்ந்தார். நீங்களும் அன்றிலிருந்து மாறினீர்கள். உப்பு கூடினாலும் நான்தான், கதவு கிறீச்சிட்டாலும் நான்தான். நான் என்ன தப்புச் செய்தேன் என்று வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். பிள்ளை இல்லாததாலா, வேலைக்குப் போனதாலா, வாய்த்துடுக்கா என்று.

இது மட்டும்தானா அத்தை? ஒரு கேள்வி கேட்டேன் என்பதற்காகவா?

ஏப்ரல் பத்தாம் தேதி நான் உண்மையான அளவைத்தான் கொடுப்பேன். அதற்கு முன்னால் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லுங்கள்.

*

மார்ச் 30

அளவுகோலுக்கு,

அந்தப் பெயரால் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

சொல்கிறேன். பெருவெள்ளத்தில் நாங்கள் நான்கு பேரும் ஒரு பகல், ஓர் இரவு மொட்டை மாடியில் இருந்தோம். தண்ணீர் வடிந்ததும் அவர் முதலில் செய்த வேலை, சேற்றில் நின்றுகொண்டு கோடு போட்டது. ஐந்தடி. என் தலை உயரம். பத்து நாள் கழித்து அவருடைய மேலதிகாரி வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத் தாழ்வான நிலத்தில் குடியிருப்பு கட்ட எல்லாம் முடிவாகிவிட்டது, இந்தக் கோடு இருந்தால் அனுமதி கிடைக்காது என்றார். "உங்க சுவத்துல இருக்கிறதுதான் இப்ப ஒரே கணக்கு. நீங்க மனசு வச்சா முடியும்." இவர் முடியாது என்றார். மறுபடியும் வந்தார். முடியாது என்றார். மூன்றாம் முறை வந்தபோது மாற்றல் உத்தரவைக் கையெழுத்துப் போடாமல் கையில் கொண்டுவந்தார். எங்கோ ஒரு மூலை, பள்ளிக்கூடமே இல்லாத இடம். மகளுக்கு அந்த வருஷம் பள்ளியிறுதித் தேர்வு.

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போது நான் சொன்னேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, நான் சொன்ன வார்த்தை இதுதான்: "ஒரு கோடுதானே? கொஞ்சம் கீழ போட்டா உலகம் என்ன கவுந்துடவா போகுது?"

பூச்சு பூசினது அவர் இல்லை. அவருக்குக் கை வரவில்லை. சாந்து குழைத்துப் பூசினவள் நான். பூசிக் காய்ந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு போடுகிற மாதிரி அந்தக் கீழ்க்கோட்டைப் போட்டார்.

ஆறு வருஷம் கழித்து வந்த வெள்ளத்தில் அந்தக் குடியிருப்பு மூழ்கியது. பதினொரு பேர். செய்தித்தாளில் பெயர்கள் வந்தன. அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அதன் பிறகும் வருஷா வருஷம் கோடு போட்டார். நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்களே.

இந்த நிலைமையில்தான் நீ வந்தாய். கையில் அளவு நாடாவோடு. நீ கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தச் சுவருக்குப் போகும். இவள் இந்த வீட்டில் இருந்தால் ஒருநாள் சுவரைத் தட்டிப் பார்ப்பாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவனிடம் தினமும் ஒன்று சொன்னேன். "உங்க அப்பாவை அவ மதிக்கிறதே இல்லை." "பெரிய படிப்புப் படிச்சவ, நம்மகிட்ட எப்படி இருப்பா?" எறும்பு ஊரக் கல்லும் தேயும். அவன் கல்கூட இல்லை. மாமா போன பிறகாவது நிறுத்தியிருக்கலாம். இன்னும் பயம்தான் கூடியது.

நீ பெட்டியோடு போன அன்று நான் சமையலறையை விட்டு வரவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்று நீ நினைத்திருக்கலாம். இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை.

உன்னை ஏப்ரல் பத்துவரை காத்திருக்க விடவில்லை. துணைவேந்தருக்கு நானே எழுதி, இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. கோட்டைக் கண்டுபிடித்தது நீ என்று எழுதவில்லை. பூசினவள் நான் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வீட்டை எடுப்பார்களோ இடிப்பார்களோ, அது அவர்கள் பாடு.

என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டு எழுதச் சொல்கிறது மனசு. கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அத்தை

*

ஜூன் 2

அத்தை,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்கு வேலை ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகக் குழு மூன்று மணி நேரம் பேசியது. நானும் இருந்தேன். பாலத்துக்காரர்களுக்கு ஐந்தடி அளவையே கொடுப்பது என்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. பாலத்தை உயர்த்தப் போகிறார்கள். வீட்டு விஷயத்தில்தான் சண்டை. "பொய்க் கணக்கு எழுதினவருக்கு நினைவு இல்லமா?" என்றார் ஒருவர். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். அப்போது நீரியல் துறைத் தலைவி, "நினைவு இல்லம் வேண்டாம். எனக்கு அந்தச் சுவர் வேணும். ரெண்டு கோடும் சேர்ந்து வேணும்" என்றார். முடிவு இதுதான்: மாமாவின் பெயர் வைக்கப்படாது. தோட்டம், திறப்பு விழா எதுவும் கிடையாது. வளாகத்தின் முகப்பில் நிற்க வேண்டிய வீடு, நீரியல் ஆய்வகத்தின் பின்னால் நிற்கும்.

செய்தித்தாளில் என்ன தலைப்பு வந்தது என்று உங்கள் மகள் காட்டியிருப்பாள். காட்டாமல் இருந்திருந்தால் நானும் அதை எழுதப் போவதில்லை. உங்கள் மகன் எனக்கு போன் செய்தார். ஆறு வருஷத்தில் முதல் முறை. "உனக்கு இப்ப திருப்தியா?" என்றார். உங்கள் கடிதத்தில் இருந்ததை அவரிடம் சொல்லியிருக்கலாம். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் வீட்டை நகர்த்தினோம். எண்பது சக்கர ட்ரெய்லர், மனிதன் நடக்கிற வேகம். மின்சாரக் கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் முன்னால் நடந்தார்கள். ஒரு திருப்பத்தில் மருந்துக்கடையின் தகரக் கூரையைக் கழற்றி மாட்ட நான்கு மணி நேரம் ஆனது. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒருவர் சேற்றை வாரி எறிந்தார், வாசல் கதவில் பட்டது. காவலர்கள் ஓடினார்கள். நான் வேண்டாம் என்றேன். இரண்டாம் நாள் மாலை புது அஸ்திவாரத்தில் இறக்கும்போது ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஒரு விரிசல் விட்டது. இறக்கும் கணக்கில் நான் செய்த பிழை அது. அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தெரியவில்லை அத்தை. என்மேல் குறை இல்லை என்று தெரிந்ததில் முதல் நாள் லேசாக இருந்தது. மறுநாள் அவ்வளவு கோபம் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். ஆறு வருஷம், அதற்குப் பிறகு இன்னொரு ஆறு வருஷம். அந்தப் பன்னிரண்டை யார் தருவார்கள்? மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பூச்சுதான். நம் இரண்டு பேருக்கும் பூச்சு போதும் போதும் என்று ஆகிவிட்டது. மன்னிக்கவே மாட்டேன் என்றும் எழுத வரவில்லை.

பார்வையாளர்கள் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரலாம். வெள்ளிக் கிழமைகளில் நான் வேறு வளாகத்தில் இருப்பேன்.

*

ஆகஸ்ட் 9

அளவுகோலுக்கு,

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி நான் ஓதியதையும் சேர்த்து. கேட்டுவிட்டு போனை வைத்தான். ஐந்து வாரமாகிறது, பேசவில்லை. மகள் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போகிறாள். அவள் தேர்வுக்காக என்று நான் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்னை ஏம்மா இதுல இழுத்தே? நான் கேட்டேனா?" என்றாள். கேட்கவில்லைதான்.

நேற்று வெள்ளிக்கிழமை, வந்தேன். நீ இருக்க மாட்டாய் என்று எழுதியிருந்த நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். உன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

வாடகை கார் ஓட்டி வந்தவன் வாக்கரை இறக்கி வைத்தான். சமையலறை இல்லாத வீடு, முதுகு வெட்டின ஆள் மாதிரி நிற்கிறது. உள்ளே ஒரு மாணவி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். இரண்டு கோட்டுக்கும் நடுவே கையை வைத்து, "இந்த ஒன்றரை அடிதான்" என்றாள். மற்ற மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு ஆள் மட்டும் எழுதவில்லை. முப்பத்தைந்து வயசு இருக்கும். மற்றவர்கள் போன பிறகு மேல்கோட்டின்மேல் விரலை வைத்து, சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார். அந்தப் பெண் போய் விசாரித்தாள். அந்தக் குடியிருப்பில் இருந்தவராம். அந்த வெள்ளத்தில் அம்மாவும் தங்கையும்.

நான் அப்படியே திரும்பி வந்திருக்கலாம். கார் வாசலில்தான் நின்றது.

அந்தப் பெண் என்னிடம் வந்து, "நீங்க யாரைப் பார்க்கணும்மா?" என்றாள். நான் அந்த ஆளைப் பார்த்துச் சொன்னேன். "இந்தச் சுவத்தைப் பூசினவ நான்தான். எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு சொன்னார். நான்தான் கோட்டைக் கீழ போடச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர், "என் தங்கச்சிக்கு ஒன்பது வயசு" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் நியாயம்.

அந்தப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்காரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த கூட்டம் வந்தது. அவர்கள் கேட்டார்கள், சொன்னேன். அதற்கடுத்த கூட்டத்துக்கும் சொன்னேன். மேலதிகாரி எத்தனை முறை வந்தார், அவர் எத்தனை நாள் சாப்பிடவில்லை, நான் என்ன சொன்னேன், எல்லாம். கிளம்பும்போது அந்தப் பெண், "நீங்க மறுபடியும் வருவீங்களா? நான் சொல்றதைவிட நீங்க சொல்றது வேற மாதிரி இருக்கு" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை வேண்டாம். செவ்வாய்க்கிழமை வரட்டுமா? நீ அந்தப் பக்கம் வராமல் இருந்துகொள்ளலாம். நான் எதுவும் நினைக்க மாட்டேன். இல்லை, இருந்தாலும் இரு.

அத்தை